எடை குறையும்வரை குழந்தைக்குக் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. மூன்று வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டது. மாதவிடாய் 45 நாளுக்கு ஒருமுறை வரும், சில சமயம் 70 நாள்கூட ஆகும். ஸ்கேன் பார்த்து இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி என்றார்கள், பிசிஓஎஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். குழந்தைக்காக ஒன்றரை வருடமாக முயல்கிறோம். 21-ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் முட்டை வரவில்லை என்றார்கள். வீட்டில் செய்யும் முட்டை டெஸ்டிலோ நாலைந்து நாள் தொடர்ந்து இரண்டு கோடு விழுகிறது. மெட்ஃபார்மின் 1000 மி.கி. சாப்பிட்டதில் வயிற்றுப்போக்கு தாங்க முடியாமல் ஐந்தே நாளில் விட்டுவிட்டேன். “15 கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டை விட்டு 6 கிலோ குறைத்தேன்; நான்கே மாதத்தில் 8 கிலோ ஏறிவிட்டது. கடைசி மாதவிடாய் வந்து இன்றோடு 52 நாள். வாயைக் கட்ட முடியாததால்தான் எனக்கு இந்த நிலையா? எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் இருக்கட்டும், நாளைக் காலை எழுந்ததும் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். 52 நாள் என்பது உங்களுக்கு வழக்கமான தாமதமாக இருக்கலாம். ஆனால் பிசிஓஎஸ் உள்ளவர்கள் பலர் “எனக்கு எப்போதும் தள்ளித்தானே போகும்” என்று இருந்துவிட்டு, இரண்டரை மாதம் கழித்துத்தான் கர்ப்பம் என்றே தெரிந்துகொள்கிறார்கள். இல்லை என்று வந்தால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையோ முட்டை வளரும் மாத்திரையோ எதைத் தொடங்குவதாக இருந்தாலும் இந்தப் பரிசோதனை முதலில் நடந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. வாயைக் கட்டாததால் வந்ததல்ல இது. மெலிந்த உடல்வாகு உள்ள பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. ‘நீர்க்கட்டி’ என்ற சொல்தான் பாதிப் பயத்தை உண்டாக்குகிறது. ஸ்கேனில் சினைப்பையின் ஓரத்தில் கருப்பு மணிகளைக் கோத்ததுபோலத் தெரிந்தவை கட்டிகளே அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் சின்னச் சின்ன முட்டைப்பைகள் பல வளரத் தொடங்கும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். உங்களுக்கு அவை 2 முதல் 9 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகின்றன. நின்றுபோன அந்த முட்டைப்பைகளைத்தான் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே “கட்டியைக் கரைக்கும்” என்று யார் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கரைக்க அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்தைக் கருத்தரிக்க முயலும் மாதங்களில் சாப்பிடுவது ஆபத்தும்கூட.

ஏன் பாதியில் நிற்கின்றன? பெரும்பாலும் இன்சுலின் தடையில் தொடங்குகிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. ஆனால் சினைப்பை அந்தக் கூடுதல் இன்சுலினுக்கு நன்றாகவே பணிகிறது. ஆண்மை ஹார்மோனை அதிகமாகத் தயாரிக்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் சுரக்கும். இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும், ரத்தத்தில் கட்டற்றுத் திரியும் ஆண்மை ஹார்மோன் இன்னும் ஏறும். முட்டைப்பை வளராமல் நிற்பதும், முகத்தில் முடியும் பருவும் வருவதும் இதனால்தான். இன்சுலின் கூடுதலாக இருக்கும்போது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு எளிதாகச் சேர்கிறது. அப்படிச் சேரும் கொழுப்பு இன்சுலின் தடையை மேலும் கூட்டுகிறது. எடை கூடக்கூட இந்தச் சுழல் வேகமெடுக்கும் என்பது உண்மை. அதற்காகச் சுழலுக்கே நீங்கள்தான் காரணம் என்று ஆகிவிடாது.

இரண்டாவது கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். பிசிஓஎஸ் உள்ள பெண்களில் மிகப் பலர் தாயாகிறார்கள். சிலர் தானாகவே, சிலர் மருந்தின் துணையோடு. உங்களுக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை, அது வெளிவரும் நாள்தான் ஒழுங்கில்லாமல் இருக்கிறது. குழந்தைப்பேறு தாமதமாவதற்கான காரணங்களில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

அந்த 21-ஆம் நாள் பரிசோதனையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அது உங்களைத் தேவையில்லாமல் அழவைத்திருக்கிறது. முட்டை வெளிவந்து சுமார் 14 நாளில் மாதவிடாய் வரும். முட்டை வந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் அந்த இரண்டு வாரத்தின் நடுவில், அதாவது மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு உச்சத்தில் இருக்கும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு அது 21-ஆம் நாள். உங்கள் சுற்று 50 நாள் என்று வைத்துக்கொண்டால், முட்டை வந்தாலே 36-ஆம் நாளையொட்டித்தான் வரும். ரத்தம் எடுக்க வேண்டிய நாள் 43. 21-ஆம் நாளில் எடுத்தால் யாருக்கு முட்டை தாமதமாக வந்தாலும் ‘வரவில்லை’ என்றுதான் காட்டும். நாள் ஒழுங்கில்லாதவர்கள் சுற்றின் பின்பகுதியில் ஒருமுறை எடுத்துவிட்டு, மாதவிடாய் வரும்வரை வாரம் ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். ஒரு முறையாவது 3 நானோகிராமைத் தாண்டினால் அந்தச் சுற்றில் முட்டை வந்திருக்கிறது என்று பொருள்.

வீட்டு முட்டை டெஸ்ட் பட்டையில் தொடர்ந்து விழும் இரண்டு கோட்டுக்கும் காரணம் இருக்கிறது. அது எல்.எச். என்ற ஹார்மோனின் திடீர் ஏற்றத்தைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. பிசிஓஎஸ்ஸில் பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்திருக்கும். முட்டை வராத நாளிலும் கோடு விழும். அந்தப் பட்டைக்குச் செலவழிப்பதை விட்டுவிடுங்கள். ஆணின் விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு இருந்தால் எந்த நாளில் முட்டை வந்தாலும் அங்கே விந்தணு காத்திருக்கும். நாள்காட்டியைப் பார்த்து உறவு வைக்கும் இறுக்கமும் குறையும்.

“15 கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்” என்றதை நான் ஏற்கவில்லை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) சுமார் 29.6. எடை குறைப்பது நல்லதா என்றால் ஆம், மிக நல்லது. இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வரத் தொடங்குகிறது. உங்களுக்கு 5 சதவீதம் என்பது 3.7 கிலோ. எனவே முதல் இலக்கு 70 கிலோ, நான்கு மாதத்தில். அதுவரை சிகிச்சையைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. 2016-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், பி.எம்.ஐ. 29-ம் அதற்கு மேலும் இருந்து குழந்தைக்காகக் காத்திருந்த பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆறு மாதம் எடைக்குறைப்புப் பயிற்சி கொடுத்து, பிறகு சிகிச்சை தந்தார்கள். மறுபாதியினருக்கு உடனே சிகிச்சை. பயிற்சி பெற்றவர்களில் தானாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில், நிறைமாதத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையைச் சுகப்பிரசவமாகப் பெற்றவர்கள் என்று கணக்குப் பார்த்தபோது, எடை குறைக்கச் சிகிச்சையைத் தள்ளிவைத்தவர்கள் முந்தவில்லை. எடையையும் குறைக்க வேண்டும், சிகிச்சையையும் தொடங்க வேண்டும், இரண்டும் ஒன்றாக நடக்கலாம் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. எடை குறைவதன் பெரிய பலன் கர்ப்ப காலத்தில் தெரியும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும் அபாயம் குறையும்.

இரவுச் சாப்பாட்டை விட்டது ஏன் பலிக்கவில்லை? வேகமாகக் குறைந்த 6 கிலோவில் நீரும் தசையும் கணிசமாகப் போயிருக்கும். உணவிலிருந்து வரும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடமே தசைதான். அது குறைந்தபின் பழையபடி சாப்பிட்டால் திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. அதனால்தான் 6 போய் 8 வந்தது. எந்த வேளையையும் விடாதீர்கள். தினம் 500 கலோரி அளவுக்கு மட்டும் குறையுங்கள். பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி உணவுமுறை எதுவும் மற்றதைவிட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை; நீங்கள் இரண்டு வருடம் கடைப்பிடிக்கக்கூடியதே உங்களுக்கு நல்ல முறை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதம், கால் பங்கு தானியம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கட்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சர்க்கரை போட்ட பானங்களை முதல் நாளே நிறுத்துங்கள். எண்ணெயை ஒரு வாரம் அளந்து ஊற்றிப் பாருங்கள். 15 மி.லி. எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. உங்கள் எடையில் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 130 முதல் 150 கலோரி. “தினமும் நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை” என்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

அதற்காக நடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தராசு அசையாவிட்டாலும், உடற்பயிற்சி செய்த ஒன்றிரண்டு நாளைக்குத் தசைகள் இன்சுலினுக்கு நன்றாகப் பணியும். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் இடைவெளி விடாதீர்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற வேகத்தில் வாரத்துக்கு 250 நிமிடம் நடப்பது இலக்கு. 100 நிமிடத்தில் தொடங்கி வாரம் 25 நிமிடமாகக் கூட்டுங்கள். அதோடு வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், தசைப்பயிற்சி: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. பலரும் தவறவிடுவது இதைத்தான். எனக்கு நடையைவிட இதில்தான் பிடிவாதம் அதிகம்.

எடையை வாரம் ஒருமுறை, காலையில், கழிப்பறைக்குப் போய்வந்தபின் பாருங்கள். தினம் பார்த்தால் நீர் ஏறி இறங்குவதைக் கொழுப்பென்று நினைத்து மனம் உடைவீர்கள். மாதம் ஒருமுறை இடுப்பையும் அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு. ஆசியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது கவனிக்க வேண்டிய கோடு. எடை அப்படியே நிற்க, இடுப்பு 3 செ.மீ. இறங்கும் மாதங்களும் வரும். அது நல்ல மாதம்.

மெட்ஃபார்மினில் தவறு உங்களுடையதல்ல. அதை 1000-ல் தொடங்கினால் பலருக்கு வயிறு கெடும். 500 மி.கி. மாத்திரை ஒன்றை இரவுச் சாப்பாட்டின் நடுவிலோ முடிந்த உடனேயோ எடுப்பது. ஒன்றிரண்டு வாரம் வயிறு பழகியபின் காலை உணவோடு இன்னொன்று. தேவைப்பட்டால் அதே நிதானத்தில் மேலே போவது என்பதுதான் முறை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரை வயிற்றுக்கு இன்னும் இதம். தொடங்குமுன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும். இது எடை குறைக்கும் மாத்திரை என்று எதிர்பார்க்காதீர்கள், குறைந்தால் இரண்டு மூன்று கிலோ குறையும். இன்சுலின் தடையைத் தளர்த்துவதே இதன் வேலை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இவை செய்யப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன்: பிசிஓஎஸ் போலவே நடிக்கும் வேறு கோளாறுகளை விலக்க இவை வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மூன்று மாதம் நிறுத்தியபின்தான் ஆண்மை ஹார்மோனைச் சரியாக அளக்க முடியும். வெறும் வயிற்றில் ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். பிசிஓஎஸ்ஸில் வெறும் வயிற்று அளவு நன்றாக இருந்து இரண்டாவது அளவு 140-ஐத் தாண்டுவது சகஜம். கொழுப்பு, ரத்த அழுத்தம் இரண்டும் உடன். உரக்கக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூக்கம் வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இந்த நிலையில் அதிகம், அதைச் சரிசெய்யாமல் எடை குறைப்பது கடினம்.

உங்கள் கடிதம் முழுக்க உங்கள் உடலைப் பற்றியே இருக்கிறது. கணவருக்கு ஒரு பரிசோதனைகூட நடந்ததாகத் தெரியவில்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கும் ஒரு விந்துப் பரிசோதனை போதும், வலியில்லை, ஊசியில்லை. முட்டை வளர மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டபிறகு, விந்தணு குறைவு என்று கண்டுபிடிப்பது நடக்கக்கூடாத ஒன்று, ஆனால் அடிக்கடி நடக்கிறது. அவருடைய முடிவு கையில் வராமல் நீங்கள் முட்டை வளரும் மாத்திரையைத் தொடங்க வேண்டாம்.

முட்டை வளர முதலில் தரப்படும் மருந்து இப்போது லெட்ரோசோல். முன்பு குளோமிஃபீன்தான் முதலிடத்தில் இருந்தது. 2014-ல் வெளியான, 750 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், ஐந்து சுற்றுவரை சிகிச்சை எடுத்தபின் லெட்ரோசோல் குழுவில் 27.5 சதவீதம் பேருக்கும் குளோமிஃபீன் குழுவில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. வழக்கமாக மாதவிடாயின் 3-ஆம் நாள் முதல் 7-ஆம் நாள்வரை தினம் 2.5 மி.கி.; முட்டை வராவிட்டால் அடுத்த சுற்றில் 5, பிறகு 7.5. முதல் மாதமே பலிக்கவில்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம், அளவு கூட்டியபின்தான் பலருக்கு முட்டை வருகிறது. ஸ்கேனில் முட்டைப்பை 18 மி.மீ.யையொட்டி வளர்ந்திருந்தால் பக்குவம். முட்டை ஒழுங்காக வந்தும் சில சுற்றுகளில் கரு தங்காவிட்டால் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசி மருந்து, சினைப்பையில் லேப்ராஸ்கோப்பி, ஐ.வி.எஃப். எல்லாம் அதற்கு அப்புறம். ஐ.வி.எஃப். வரை போனால், சினைப்பை அளவுக்குமீறித் தூண்டப்பட்டு வீங்கும் அபாயம் பிசிஓஎஸ்ஸில் கூடுதல். அதைத் தவிர்க்க என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஏ.எம்.எச். (முட்டைப்பைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன்) அளவு அதிகம் என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்தாதீர்கள். நின்றுபோன முட்டைப்பைகள் நிறைய இருப்பதன் அடையாளம் அது, அவ்வளவுதான்.

முயலும் காலத்தில் சில மருந்துகள் கூடாது. முகமுடிக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன் வேண்டாம். வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கலாம். எடைக்குப் போடும் செமாக்ளூடைட் ஊசியைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மட்டும் இன்றிலிருந்தே தினமும் சாப்பிடுங்கள். உங்களுக்குக் கூடுதல் அளவு தேவையா என்று டாக்டர் சொல்வார்.

மாதவிடாய் 90 நாளைத் தாண்டினால், குழந்தைக்கு முயன்றாலும் முயலாவிட்டாலும், சும்மா விடக்கூடாது. முட்டை வராத மாதங்களில் கர்ப்பப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய் அபாயம் கூடும். புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை 10 முதல் 14 நாள் கொடுத்து உதிரவைப்பார்கள். வரும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, சில மாதங்களுக்குள் குரல் தடித்து முகமுடி கடகடவென்று வளர்ந்தாலோ உடனே காட்டுங்கள். பின்னது பிசிஓஎஸ் இல்லாமல் வேறு கட்டியாக இருக்கக்கூடும்.

பார்க்கிறவர்களெல்லாம் “விசேஷம் இல்லையா?” என்று கேட்பது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, சாப்பாட்டை நினைத்தாலே குற்ற உணர்வு வந்தால், அதையும் மருத்துவரிடம் ஓர் அறிகுறியாகவே சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

கணவரோடு சேர்ந்து போங்கள். கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகள், எடையும் இடுப்பும் எழுதிய தாள், பழைய ஸ்கேன், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்கள் கையில் இருக்கட்டும். 15 கிலோ பேச்சு மறுபடியும் வந்தால், “குறைத்துக்கொண்டேதான் வருகிறேன், முட்டை வளர மருந்து இப்போதே தொடங்க என்ன தடை?” என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் சொல்வார்கள். இல்லாவிட்டால் குழந்தைப்பேறு சிகிச்சையில் பழகிய இன்னொருவரைப் பாருங்கள். ஒழுங்கற்ற மாதவிடாய் உள்ளவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீங்களோ ஒன்றரை வருடம் காத்துவிட்டீர்கள்.

நாளைக் காலைப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்தால், மெட்ஃபார்மின் உட்பட எதையும் நீங்களாகத் தொடங்காமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். உங்கள் சுற்று நீண்டது என்பதால் மாதவிடாய்த் தேதியை வைத்துக் கருவின் வயதைக் கணக்கிட்டால் தப்பாகும். ஆரம்ப ஸ்கேனில் அளந்து சொல்வதுதான் சரியான நாள். 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை ஏற்கெனவே செய்யவில்லை என்றால் 20 வாரத்துக்குள் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்தில் கட்டாயம் இன்னொருமுறை செய்ய வேண்டும்.